ஐஸ்லாந்தின் வடகடலில் பனி வந்த காலங்களைச் சேறு எப்படிச் சொல்கிறது

ஐஸ்லாந்து தீவு ஏறத்தாழ முழுவதுமே எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறையால் ஆனது. அந்தப் பாறையில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் அத்தீவின் வடகரைக்கு அப்பால் கடலடியிலிருந்து எடுத்த சேற்றை உலர்த்திப் பொடித்து எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்துப் பார்த்தால் அதில் குவார்ட்ஸ் தென்படுகிறது. சில அடுக்குகளில் குறைவாகவும், சில அடுக்குகளில் கண்ணில் படும்படி மிகுதியாகவும் இருக்கிறது. தீவின் ஆறுகள் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது, ஏனென்றால் அவை அரித்துவரும் மண்ணில் அது கிடையாது. மேற்கே, டென்மார்க் நீரிணைக்கு அப்பால், கிழக்கு கிரீன்லாந்தின் பழம்பாறைகளில்தான் குவார்ட்ஸ் நிறைந்து கிடக்கிறது. அங்கிருந்து மிதந்துவரும் பனி, தன்னுள் உறைந்துபோன மணலையும் துகள்களையும் சுமந்துவந்து, உருகும் இடத்தில் கடலடியில் இறக்கிவிடுகிறது. எனவே வடகரைச் சேற்றில் குவார்ட்ஸ் கூடிய காலத்தை, கிரீன்லாந்துப் பக்கத்துப் பனி அதிகமாக வந்து சேர்ந்த காலம் என்று முதல் நோக்கில் கொள்ளலாம்.

முதல் நோக்கில் என்று நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். கடலடி வண்டலோடு அன்றாடம் புழங்குகிறவள் என்ற முறையில், எங்கள் துறையைப் பற்றிப் பொதுவெளியில் "மண்ணை ஆராய்ந்து பழங்காலப் பனியைக் கண்டுபிடித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சேற்றில் பனி இல்லை. பனியின் விளைவாக அங்கே போய்ச் சேர்ந்த ஏதோ ஒன்றுதான் இருக்கிறது. அது வேறு வழியிலும் அங்கே வந்திருக்கலாம், வந்தபின் சிதைந்தும் போயிருக்கலாம். ஒவ்வொரு சான்றும் எந்த இடத்தில் நம்மைக் கைவிடும் என்று தெரிந்துகொண்டு, அது கைவிடும் இடத்தில் வேறொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்வதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. அதை மிகத் தெளிவாகக் காட்டக்கூடிய இடம் ஐஸ்லாந்தின் வடகடல் என்பது என் கருத்து. அங்கே சேறும் இருக்கிறது, எரிமலைச் சாம்பலும் இருக்கிறது, நூற்றாண்டுகளாகப் பனியைப் பார்த்து எழுதிவைத்த மனிதர்களும் இருந்தார்கள்.

இத்தனை பாடு எதற்கு என்றால், செயற்கைக்கோள்கள் கடற்பனியின் பரப்பை இடைவிடாமல் அளக்கத் தொடங்கியதே 1978-ஆம் ஆண்டின் இறுதியில், நிம்பஸ்-7 ஏவப்பட்ட பிறகுதான். ஆர்க்டிக் பனி இன்று சுருங்கும் வேகம் பழைய ஏற்ற இறக்கங்களுக்குள் அடங்குமா என்று கேட்பவருக்கு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கோ பத்தாயிரம் ஆண்டுகளுக்கோ நீளும் கணக்கு வேண்டும். அத்தகைய கணக்கு கடலடியில் கிடைக்கிறது.

வடக்கு ஐஸ்லாந்தின் கடல் இதற்கு ஏற்றதாக அமைந்ததற்குக் காரணம் நீரோட்டங்கள். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீரை இர்மிங்கர் நீரோட்டம் தீவின் மேற்குப் பக்கமாகச் சுற்றி வடகரைக்குக் கொண்டுவருகிறது. எதிரே, ஆர்க்டிக் பெருங்கடலின் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீரையும் மிதக்கும் பனியையும் கிழக்கு கிரீன்லாந்து நீரோட்டம் தெற்கு நோக்கி இழுத்துவர, அதிலிருந்து பிரியும் கிளை ஐஸ்லாந்தின் பக்கம் திரும்புகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லை சிறிது நகர்ந்தாலே வடகரையில் பனி வரும் ஆண்டுக்கும் வராத ஆண்டுக்குமான வேறுபாடு தெரிந்துவிடும். 1960-களின் பிற்பகுதியில் அப்படித்தான் நடந்தது: பல ஆண்டுகள் தொடர்ந்து பனி வடகரையை நெருங்கி வந்தது, அதே காலத்தில் வட அட்லாண்டிக்கின் மேற்பரப்பில் உப்புக் குறைந்த நீர் பெருமளவில் பரவியது. ஒரு தலைமுறைக்குள் கண்ணால் பார்க்கப்பட்ட அந்த மாற்றம், இந்தக் கடல் எவ்வளவு நுட்பமான சமநிலையில் நிற்கிறது என்பதற்குப் போதுமான சான்று.

1999-ஆம் ஆண்டு மரியான் துஃப்ரேன் என்னும் பிரெஞ்சு ஆய்வுக்கப்பல், ஐஸ்லாந்தின் வடகரைக்கு அப்பாலுள்ள கிரிம்சே தீவுக்கு அருகே சுமார் 440 மீட்டர் ஆழத்தில், நீண்ட பிஸ்டன் துளைக்குழாயை இறக்கி ஒரு வண்டல் உருளையை எடுத்தது. எம்டி99-2275 என்பது அதன் எண். ஆழ்கடலில் ஒரு சென்டிமீட்டர் சேறு படிய பல நூறு ஆண்டுகள் ஆகலாம். கிரிம்சே அருகிலோ அதே ஒரு சென்டிமீட்டர் சில ஆண்டுகளிலேயே படிந்துவிடுகிறது. கடலடி ஆய்வாளருக்கு இது கிடைத்தற்கரிய பேறு. மற்ற இடங்களில் நூற்றாண்டைத்தான் பிரித்துப் பார்க்க முடியும் என்றால், இங்கே ஏறத்தாழ ஒரு பத்தாண்டையே பிரித்துப் பார்க்கலாம்.

இத்தகைய உருளையைத் திறக்கும் வேலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இருபுறமும் அறுத்து, நடுவே மெல்லிய கம்பியைச் செலுத்தி இழுத்தால் சேறு இரண்டு பாதிகளாகப் பிரிகிறது. ஒரு பாதி எதிர்காலத்தில் எழக்கூடிய கேள்விகளுக்காகத் தொடப்படாமல் குளிரறைக்குப் போய்விடும். மறு பாதியில்தான் எல்லா ஆய்வும். பிரித்த முகத்தைக் கண்ணாடித் தகட்டால் குறுக்குவாட்டில் மட்டுமே வழிக்க வேண்டும். நீளவாக்கில் வழித்தால் ஒரு காலத்துச் சேறு இன்னொரு காலத்தின் மேல் பூசிக்கொள்ளும். மேற்பரப்பைச் சுத்தப்படுத்திய சில நிமிடங்களில் பசுஞ்சாம்பல் நிறமான சேறு காற்றுப் பட்டுப் பழுப்பேறத் தொடங்குவதால், நிறங்களை அதற்குள் குறித்துக்கொண்டுவிட வேண்டும். பிறகு சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டியெடுத்து, ஒரு பங்கைச் சல்லடையில் கழுவுகிறோம். சல்லடையில் தங்குபவற்றில் ஃபோராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் கடலுயிர்களின், ரவையைவிட நுண்ணிய ஓடுகளை நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து வகை பிரிக்கிறோம். இடஞ்சுழியாக வளரும் நியோகுளோபோகுவாட்ரினா பேக்கிடெர்மா என்னும் இனம் ஒரு மாதிரியில் ஏறக்குறைய முழுவதையும் நிரப்பியிருந்தால், அது துருவக் குளிர்நீரின் அடையாளம் என்று சல்லடையைப் பார்த்த கணத்திலேயே சொல்லிவிடலாம். ஆனாலும் அந்த ஓடுகள் நீரின் குளிரைத்தான் சொல்கின்றன, பனியைச் சொல்வதில்லை. பனியே இல்லாத குளிர்ந்த கடலும் உலகில் உண்டு.

சேற்றின் வயதைக் கண்டறிவதில்தான், என் பார்வையில், இந்த உருளையின் மிக அழகான பகுதி இருக்கிறது. ஓடுகளின் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்வது வழக்கமான முறை. கடலில் வாழும் உயிர்களுக்கு அதில் ஓர் இடையூறு உண்டு: ஆழத்தில் நெடுங்காலம் காற்றோடு தொடர்பற்றுக் கிடந்த நீரின் கார்பனும் அவற்றின் ஓட்டில் சேர்வதால், நேற்று இறந்த சிப்பிகூடச் சராசரியாக நானூறு ஆண்டு முதுமையைக் காட்டும். அந்த நானூறும் எங்கும் ஒன்றல்ல. அட்லாண்டிக் நீரில் வளர்ந்த ஓட்டுக்கும் ஆர்க்டிக்கிலிருந்து வந்த நீரில் வளர்ந்த ஓட்டுக்கும் இந்த முதுமை மாறுபடும். நீரோட்ட எல்லை முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும் வடக்கு ஐஸ்லாந்தில் ஒரே திருத்தத்தை எல்லா அடுக்குகளுக்கும் போட்டால், கணக்கு பல பத்தாண்டுகளுக்கோ அதற்கு மேலுமோ பிசகிவிடும்.

இங்கே எரிமலைகள் உதவிக்கு வருகின்றன. ஹெக்லா எரிமலை 1104-ஆம் ஆண்டிலும் 1300-ஆம் ஆண்டிலும் வெடித்தது, வெய்டிவோட்ன் பகுதி 1477-இல் வெடித்தது என்பதெல்லாம் ஐஸ்லாந்தின் எழுத்துப் பதிவுகளிலிருந்தும் நிலத்துச் சாம்பல் அடுக்குகளிலிருந்தும் நிறுவப்பட்டவை. ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலுக்கும் தனக்கே உரிய வேதிச் சேர்மானம் இருப்பதால், கடலடிச் சேற்றில் சிக்கிய எரிமலைக் கண்ணாடித் துகள்களைப் பகுப்பாய்ந்து இது எந்த வெடிப்பின் சாம்பல் என்று அடையாளம் காண முடிகிறது. சாம்பல் விழுந்த ஆண்டு தெரியும். அதே அடுக்கில் கிடக்கும் ஓட்டின் கதிரியக்கக் கார்பன் வயதும் தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்தக் காலத்துக் கடல்நீரின் முதுமை. அந்த முதுமை கூடியிருந்தால் ஆர்க்டிக் நீர் ஓங்கியிருந்தது என்றும், குறைந்திருந்தால் அட்லாண்டிக் நீர் ஓங்கியிருந்தது என்றும் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் படித்துக் காட்டினார்கள். வயதுக் கணக்கைக் கெடுத்த அதே பிழை, நீரோட்டத்தைக் காட்டும் சான்றாக ஆனது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

பனியை நேரடியாகச் சொல்லும் சான்றுக்கு வருகிறேன். பிளிமத் பல்கலைக்கழகத்தின் சைமன் பெல்ட்டும் அவருடைய குழுவினரும் 2007-இல் ஒரு மூலக்கூற்றை அறிமுகப்படுத்தினார்கள். இருபத்தைந்து கார்பன் அணுக்கள் கொண்ட, கிளைத்த அமைப்புடைய அந்த ஹைட்ரோகார்பனுக்கு ஐபி25 என்று பெயரிட்டார்கள். கடற்பனியின் அடிப்பகுதியில், உப்புநீர் தேங்கிய நுண்ணிய வாய்க்கால்களுக்குள், வசந்தத்தின் வெளிச்சம் ஊடுருவும் மாதங்களில் டயட்டம் எனப்படும் ஒருசெல் பாசிகள் செழித்து வளர்கின்றன. அவற்றிலும் ஹாஸ்லியா, ப்ளூரோசிக்மா பேரினங்களைச் சேர்ந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்கள் மட்டுமே ஐபி25-ஐ உண்டாக்குகின்றன என்பது 2014-இல் உறுதிப்பட்டது. பனி உருகும்போது பாசி கீழே இறங்குகிறது. அதன் சிலிக்கா ஓடு கரைந்துபோனாலும் இந்த மூலக்கூறு சேற்றில் நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. மத்திய ஆர்க்டிக்கின் கடலடியிலுள்ள லோமொனோசோவ் மலைத்தொடரில் பல மில்லியன் ஆண்டு பழைமையான வண்டலிலும் அது கிடைத்திருக்கிறது.

ஆய்வகத்தில் இதைப் பிரித்தெடுப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. உறையவைத்து உலர்த்திய சேற்றுடன், அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளைச் சேர்த்து, கரைப்பானில் கரையக்கூடியவற்றை எல்லாம் கரைத்தெடுக்க வேண்டும். அதைச் சிலிக்கா நிரப்பிய சிறு குழாய் வழியே ஹெக்சேன் என்னும் கரைப்பானைக் கொண்டு கழுவி ஹைட்ரோகார்பன்களை மட்டும் தனியே பிரித்து, கேஸ் குரோமட்டோகிராஃப்பும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவியில் செலுத்த வேண்டும். கருவி 350 என்னும் நிறை எண்ணில் ஒரு சிறு முகட்டை வரையும். ஒரு கிராம் சேற்றில் இருப்பது மிகச் சிறிய அளவு என்பதால், கண்ணாடிக் குடுவையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப்பசைகூட அளவைக் கெடுத்துவிடும். அதனால்தான் குடுவைகளை உலையில் சுட்டு எடுத்த பிறகே பயன்படுத்துகிறோம்.

குவார்ட்ஸால் சொல்ல முடியாத ஒன்றை ஐபி25 சொல்கிறது. குவார்ட்ஸைக் கடற்பனியும் கொண்டுவரலாம், பனியாற்றிலிருந்து உடைந்து மிதக்கும் பனிமலையும் கொண்டுவரலாம். ஐபி25 கடற்பனிக்கு மட்டுமே உரியது. ஆனால் இதற்கும் ஒரு பெருங்குறை உண்டு. ஓர் அடுக்கில் ஐபி25 இல்லை என்றால், அங்கே பனியே இல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது ஆண்டு முழுவதும் அடர்ந்த பனி மூடி, வெளிச்சம் இல்லாமல் பாசியே வளராமல் இருந்திருக்கலாம். முற்றிலும் எதிரான இரண்டு நிலைகளுக்கும் ஒரே பூஜ்யம். ஆல்ஃபிரெட் வெகனர் ஆய்வு நிறுவனத்தின் யூலியானா ம்யூல்லரும் உடன் ஆய்வாளர்களும் கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃப்ராம் நீரிணையின் 30,000 ஆண்டு வரலாற்றை 2009-இல் ஆராய்ந்தபோது, திறந்த கடலில் வாழும் மிதவைப் பாசிகள் உண்டாக்கும், ஸ்டீரால் என்னும் கொழுப்பு வகைப் பொருள் ஒன்றையும் கூடவே அளந்தார்கள். இரண்டும் சேர்ந்து மறைந்த அடுக்குகள் நிரந்தரப் பனி மூடிய காலத்தைக் காட்டின. கடைசிப் பனியுகத்தின் உச்சம் அத்தகையது. ஐபி25 மட்டும் மறைந்து மிதவைப் பாசியின் அடையாளம் மிகுந்தால் அது பனியற்ற கடல். இரண்டும் ஒருங்கே மிகுந்தால் பனியின் விளிம்பு அந்த இடத்துக்கு அருகே நின்றது என்று பொருள்.

இரண்டு அளவுகளையும் ஒரே எண்ணாக மாற்றும் பிஐபி25 என்னும் குறியீடு 2011-இல் வந்தது. பயனுள்ளதுதான், என்றாலும் அதை அளவுக்கு மீறி நம்புவதை நான் ஏற்பதில்லை. ஸ்டீராலின் செறிவு ஐபி25-ஐவிட மிக அதிகம் என்பதால், இரண்டையும் சமன்செய்ய ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அந்த எண் அந்த உருளையின் சராசரிகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. உருளையில் ஆராயும் நீளத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ சராசரி மாறும், சராசரி மாறினால் ஏற்கெனவே கணக்கிட்ட அடுக்கின் குறியீடும் மாறிவிடும். சேறு மாறாமல் பனி மட்டும் மாறுவதுபோல் தோன்றும் இந்த நிலை கவலைக்குரியது. ஆகவே குறியீட்டின் வளைகோட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டு மூல அளவுகளையும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எம்டி99-2275 உருளையில் ஐபி25-ஐ அளந்து கியோம் மாஸ்ஸேவும் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட முடிவு இதுதான்: கடந்த ஆயிரம் ஆண்டுகளின் முற்பகுதியில் குறைவாக இருந்த ஐபி25, 1300-ஆம் ஆண்டை ஒட்டித் திடீரென உயர்ந்து, அதன்பின் நூற்றாண்டுகளுக்கு உயர்ந்தே இருந்தது. அதே உருளையில் பாசி வேதிப்பொருள்களிலிருந்தும் டயட்டம் இனங்களிலிருந்தும் கணக்கிட்ட கடல்வெப்பநிலையும் பதினான்காம் நூற்றாண்டையொட்டிக் குளிர்ச்சியை நோக்கித் திரும்புகிறது. ஐஸ்லாந்தின் எழுத்துப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது, பனி மிகுந்ததாக அவை சொல்லும் காலங்களும் மூலக்கூறு மிகுந்த காலங்களும் பெரிதும் ஒத்துப்போயின. கிரீன்லாந்துக்குச் செல்லும் பழைய கடல்வழியைப் பனி வந்து அடைத்துவிட்டது, உயிருக்கு அஞ்சாமல் அவ்வழியே யாரும் போக முடியாது என்று கிரீன்லாந்தில் பணியாற்றிய நார்வேப் பாதிரியார் ஈவார் பார்டார்சன் பதினான்காம் நூற்றாண்டில் சொல்லியிருப்பதும் இதோடு பொருந்துகிறது.

எழுத்துப் பதிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. பனி வந்த ஆண்டை எழுதுகிறவர்கள் வராத ஆண்டை எழுதுவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஆண்டுக்குறிப்புகளே நின்றுபோய்ச் சான்றுகள் அருகிவிடுகின்றன. எழுத்து மௌனமாகும் அந்த இடைவெளியிலும் சேறு படிந்துகொண்டேதான் இருந்தது. 1600-க்குப் பிறகு பதிவுகள் செறிவடைவதால், அந்தக் காலத்தில் மூலக்கூற்றைச் சோதித்துப் பார்த்து, அதில் தேறிய பிறகு முற்காலத்துக்கு அதை எடுத்துச் செல்வதுதான் முறையான வழி.

1300-ஐ ஒட்டி ஏன் திடீரென மாறியது என்ற கேள்விக்கு இன்னும் ஒருமித்த விடை இல்லை. கிஃபர்ட் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் முன்வைத்த விளக்கம் எரிமலைகளைச் சார்ந்தது. கனடாவின் பாஃபின் தீவில் இன்று உருகும் பனிக்கவிகைகளின் விளிம்பில், நூற்றாண்டுகளுக்கு முன் பனியால் மூடப்பட்டு இறந்த செடிகள் வேரோடு வெளிப்படுகின்றன; அவை இறந்த ஆண்டுகள் 1275-க்கும் 1300-க்கும் இடையில் திரளாகவும், 1430-க்கும் 1455-க்கும் இடையில் மீண்டும் திரளாகவும் அமைகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெரும் வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் 1257-இல் வெடித்த சமாலாஸ் அவற்றில் மிகப் பெரியது. வெடிப்பின் குளிர்ச்சி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆனால் அதற்குள் பெருகிய கடற்பனி தெற்கே வந்து உருகி, கடலின் மேற்பரப்பில் நன்னீரைப் பரப்பி, வெப்ப நீரோட்டத்தைத் தளர்த்தி, குளிரைத் தானே நீடிக்கச் செய்தது என்பது அவர்கள் வாதம். மார்ட்டின் மைல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல், கிரீன்லாந்து, ஐஸ்லாந்துப் பக்கத்து வண்டல்களைச் சேர்த்துப் பார்த்து, ஆர்க்டிக்கிலிருந்து பேரளவில் பனி வெளியேறியதே முன்னோடியாக இருந்தது, அதற்கு எரிமலை போன்ற வெளிக்காரணம் கட்டாயமில்லை என்று வாதிட்டார்கள். எது முன், எது பின் என்பதைச் சில பத்தாண்டு நுட்பத்தில் சொல்ல முடிந்தால் மட்டுமே இந்த வழக்கு தீரும். ஹெக்லாவின் 1300 சாம்பல் சரியாக அந்தத் திருப்பத்தின் அருகிலேயே விழுந்திருப்பது நல்வாய்ப்பு என்பேன்.

இன்னும் பின்னோக்கிப் போனால், வடகரையின் மற்றோர் உருளையான எம்டி99-2269-இல் குவார்ட்ஸையும் ஐபி25-ஐயும் சேர்த்து 8000 ஆண்டுகளுக்கு ஆராய்ந்திருக்கிறார்கள். பிந்தைய ஆயிரமாண்டுகளில் மிதவைப் பனி பெருகியதை இரண்டும் காட்டுகின்றன. ஒன்று கனிமம், மற்றொன்று உயிர் உண்டாக்கிய மூலக்கூறு. இரண்டும் வேறு வேறு வகையில் பிழைபடக்கூடியவை என்பதால்தான் அவை ஒத்துப்போவதற்கு மதிப்பு.

நான் பெரும்பாலும் பார்ப்பது தென்முனைப் பக்கத்து வண்டல்; இந்த அனுபவத்தை அப்படியே அங்கே கொண்டுபோக முடிவதில்லை. அண்டார்க்டிகாவைச் சுற்றி ஐபி25 கிடையாது. அதற்கு இணையாக 2016-இல் முன்மொழியப்பட்ட இப்சோ25 என்னும் மூலக்கூற்றை பெர்க்லேயா அடிலியென்சிஸ் என்னும் டயட்டம் உண்டாக்குகிறது. அது கரையோரத்துப் பனியை, அதிலும் பனித்தகடுகள் சேர்ந்து உறையும் இடங்களை விரும்பும் இனம். எனவே அந்த மூலக்கூறு கண்டத்தின் ஓரத்துப் பனியைப் பற்றி நன்றாகச் சொல்லும். ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே குளிர்காலத்தில் விரியும் பனியின் எல்லையைப் பற்றி அதிகம் சொல்லாது. அந்த எல்லைக்கு ஃப்ராஜிலாரியோப்சிஸ் கர்ட்டா, ஃப்ராஜிலாரியோப்சிஸ் சிலிண்ட்ரஸ் என்னும் டயட்டம்களின் ஓடுகளை எண்ணுவதையே இன்றும் நம்பியிருக்கிறோம். ஒரு மாதிரியில் அவ்விரண்டும் சேர்ந்து மூன்று விழுக்காட்டைத் தாண்டினால் குளிர்காலப் பனி அங்கே எட்டியது என்பது பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். அவற்றின் ஓடுகள் மெல்லியவை. கீழே இறங்கும் வழியிலேயே பல கரைந்துவிட, தடித்த ஓடுள்ள ஃப்ராஜிலாரியோப்சிஸ் கெர்குலென்சிஸ் போன்ற திறந்த கடல் இனம் மிஞ்சி நின்று, பனி இருந்த காலத்தையும் பனியற்றதாகக் காட்டிவிடக்கூடும். கரைந்ததன் தடயங்கள் ஓடுகளின் விளிம்பில் தெரிகின்றனவா என்று பார்த்து, மாதிரிக்கு மாதிரி அதையும் குறித்துக்கொண்டுதான் எண்ணுகிறோம். பனியைப் பார்த்து எழுதிவைக்கும் கரையோர ஊர்கள் தென்முனையில் ஒருபோதும் இருந்ததில்லை. திமிங்கில வேட்டைக் கப்பல்களின் இருபதாம் நூற்றாண்டுப் பதிவுகளுக்கு முந்தைய காலத்துக்கு அங்கே எழுத்துச் சோதனை என்பது ஏறத்தாழ கிடையாது. அதனால் எண்ணிக்கை, மூலக்கூறு, பனிமலை இறக்கிய மணல் ஆகிய மூன்றையும் ஒரே சென்டிமீட்டர் சேற்றிலிருந்து எடுத்து அளப்பதையே நாங்கள் விதியாக வைத்திருக்கிறோம். மூன்றும் முரண்படும் அடுக்குகளை நீக்கிவிடாமல், முரண்பாட்டோடு சேர்த்தே வரைபடத்தில் காட்டுகிறோம்.